சுங்கை சிப்புட்டில் ஐந்து நாள்

முதல் நாள், சனிக்கிழமை

காலை ஏழு மணிக்குக் கிள்ளானை விட்டுப் புறப்பட்டோம். வண்டியை என் தம்பி மகன் ஓட்டினான். பின்னிருக்கையில் என் கணவரும் நானும் உட்கார்ந்திருக்க, எங்களுக்கு நடுவில் மருந்துப் பையும், இரத்தப் பரிசோதனை முடிவுகள் வைத்த கோப்பும், அரை லிட்டர் தண்ணீர்ப் புட்டி ஒன்றும் இருந்தன. அந்தப் புட்டி அவருடைய ஒரு நாள் கணக்கு. தேநீரும் ரசமும் மாத்திரை விழுங்கும் மடக்கும் அதில்தான் கழிய வேண்டும் என்பதால், காலையில் நானே அளந்து நிரப்பி வைப்பேன். மாலையில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று இருவரும் சேர்ந்து பார்ப்போம்.

இனிப்புநீர் நோயால் அவருடைய சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. திங்கள், புதன், வெள்ளி என்று வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், இயந்திரத்தில் இரத்தத்தைச் சுத்திகரிக்கும் டயாலிசிஸ். இப்படிப்பட்டவர்கள் வெளியூர் போவதென்றால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட முடியாது. போகிற ஊரில் உள்ள நிலையத்தில் ஓர் இடம் காலியாக இருக்கிறதா என்று கேட்டு, ஹெபடைடிஸ் பி, சி, எச்ஐவி பரிசோதனை முடிவுகளை முன்னதாகவே அனுப்பி, அவர்கள் சரி என்ற பிறகுதான் மற்ற ஏற்பாடெல்லாம். நேற்று வெள்ளிக்கிழமைச் சுத்திகரிப்பை முடித்துக்கொண்டு வந்திருக்கிறோம், அடுத்தது திங்கட்கிழமை. வாரத்தில் இந்த இடைவெளிதான் நீளமானது. தண்ணீரும் பொட்டாசியமும் உடம்பில் சேர்ந்துகொண்டே போகும் நாட்கள் என்பதால் மருத்துவர்கள் அதிகமாக எச்சரிப்பதும் இதைப் பற்றித்தான்.

இந்தப் பயணத்தைக் கேட்டது அவர். இரண்டு மாதங்களுக்கு முன், ஊசி குத்திய இடத்தில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி வீட்டுக்கு வந்துகொண்டிருக்கும்போது, "உன் தோட்டத்துக்கு ஒரு தடவை போய்ட்டு வருவோம்மா. அந்தப் பையனையும் பார்த்துட்டு வருவோம்" என்றார். அந்தப் பையன் இறந்து நாற்பத்தொரு ஆண்டுகள் ஆகின்றன. உயிரோடு இருக்கிற ஒருவரைப் பார்க்கப் போவது போல அவர் சொன்னதும், எனக்குச் சற்று நேரம் பேச்சு வரவில்லை.

எங்களுக்கு 1989இல் திருமணம் ஆயிற்று. மூன்றாம் ஆண்டில் ஒரு மழை இரவில் நானாகவே அந்தப் பையனைப் பற்றி அவரிடம் சொன்னேன். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "அவங்க அம்மா இருக்காங்களா?" அன்றிலிருந்து ஒவ்வொரு தீபாவளிக்கும் அந்த அம்மாளுக்கு ஒரு சேலை போய்க்கொண்டிருந்தது, அவர்கள் மறையும் வரை.

ஈப்போவை நெருங்கும்போது சுண்ணாம்புக் குன்றுகள் தென்பட்டன. நெடுஞ்சாலையை விட்டு இறங்கிப் பழைய சாலையைப் பிடித்தோம். சுங்கை சிப்புட் பெரிய ஊரன்று. ஆனால் மலேசியத் தமிழர்களுக்கு அது, மலேசிய இந்தியக் காங்கிரஸின் தலைவராக இருந்த துன் வீ.தி.சம்பந்தன் பிறந்த ஊர். 1954இல் நேருவின் தங்கை விஜயலட்சுமி பண்டிட் திறந்து வைத்த மகாத்மா காந்தி கலாசாலை இருக்கும் ஊர். சரித்திரப் புத்தகத்தில் அதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1948 ஜூன் 16ஆம் நாள் இதைச் சுற்றியுள்ள தோட்டங்களில் ஐரோப்பியத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்துதான், காட்டிலிருந்த கம்யூனிஸ்டுப் போராளிகளை ஒடுக்க அவசரகாலம் பிறந்தது. முள்வேலிக்குள் வளர்ந்த கதையை அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். போராளிகள் கையில் போய்ச் சேராதபடி, காட்டு வேலைக்குப் போகிறவர்கள் ஒரு பிடி சோறுகூட வெளியே கொண்டு போகக்கூடாதென்று வாசலில் சோதனை போடுவார்களாம்.

இரவு தங்குமிடத்தில் புட்டியைத் தூக்கி விளக்கில் பார்த்தோம். ஒரு விரற்கடை மிச்சம் இருந்தது.

இரண்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை

தினமும் காலையில் நான் முதலில் செய்வது அவருடைய இடது கையைத் தொட்டுப் பார்ப்பதுதான். டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக முன்கையில் தமனியையும் சிரையையும் இணைத்து ஃபிஸ்டுலா வைத்திருக்கிறார்கள். அதன் மேல் இரண்டு விரலை வைத்தால், தூங்குகிற பூனையின் முதுகில் கை வைத்தது போல ஓர் அதிர்வு ஓடிக்கொண்டிருக்கும். அது ஓடினால் வழி திறந்திருக்கிறது. நின்றிருந்தால் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். இன்றும் ஓடிக்கொண்டிருந்தது. "என்ன செய்யுது?" என்று கேட்டேன். "நல்லாத்தான் இருக்கேன்" என்றார். இந்தக் கேள்வியை நான் ஒரு நாளும் விடுவதில்லை. ஏன் என்பதை நாளைக்கு எழுதுகிறேன்.

தோட்டம் என்பது இப்போது பெயரளவில்தான் இருக்கிறது. நான் பிறந்தபோது கண்ணுக்கெட்டிய தூரம் ரப்பர்; பிறகு செம்பனை; இப்போது ஒரு பக்கத்தில் வீடமைப்புத் திட்டமும் வந்துவிட்டது. எங்கள் லயம், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகள், இருந்த இடத்தில் செம்பனை மட்டைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். காலையில் ஆட்களைக் கணக்கெடுக்கும் பெரட்டுக் களம் புல் மண்டிக் கிடந்தது. மாரியம்மன் கோயில் மட்டும் புதுச் சாயத்தோடு, முன்னைவிடப் பெரிதாக நிற்கிறது. வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையின் சிமெண்டுத் தரையில் பாதி தெரிந்தது. நான் தவழ்ந்த தரை அது. கணவர் குனிந்து ஒரு கையால் அதைத் தடவிப் பார்த்தார்.

அவனைப் பற்றி எழுத வேண்டும். அவனுக்கு அப்போது இருபத்து நான்கு வயது, எனக்கு இருபது. அன்றைய நினைவில் அவன் எனக்கு மூத்தவன். இன்று எழுத உட்கார்ந்தால், என் கடைசி மகனைவிடச் சிறியவனாக நிற்கிறான். 'அவர்' என்று எழுதக் கை வரவில்லை.

நான் தோட்டப் பள்ளியில் தற்காலிக ஆசிரியையாக இருந்தேன். ஆனாலும் விடியற்காலையில் அம்மாவுக்குத் துணையாகப் பால் எடுக்க ரப்பர் மரம் சீவப் போவேன். அம்மாவுக்கு ஒதுக்கிய நிரையில் நானூறு மரங்களுக்கு மேல் இருந்தன. விடிவதற்கு முன் மரத்தின் உள்ளழுத்தம் கூடுதலாக இருக்கும். வெயில் ஏற ஏறப் பால் குறைந்துவிடும் என்பதால் இருட்டோடு போயாக வேண்டும். அவன் வடிகால் தோண்டும் வேலையில் இருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளில் டவுனுக்குப் போய் 'தமிழ் நேசன்' ஞாயிறு பதிப்பை வாங்கி வருவான். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் அவன். எழுத்துக் கூட்டித்தான் படிப்பான். வாங்கியதும் எங்கள் வீட்டுப் படியில் வைத்துவிட்டு, "டீச்சர் படிச்சிட்டுக் குடுக்கட்டும்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போய்விடுவான். முதலில் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. சில வாரங்கள் கழித்துத்தான் கவனித்தேன், ஏதாவது ஒரு பக்கத்தின் மூலை மடிக்கப்பட்டிருக்கும். அந்தப் பக்கத்தில் ஒரு கவிதையோ, பூச்செடி வளர்ப்பது பற்றிய குறிப்போ, ஒரு முறை ஈப்போவில் ஒரு துணிக்கடை திறந்த விளம்பரமோ இருக்கும். நான் திருப்பிக் கொடுக்கும்போது வேறொரு பக்கத்தை மடித்து வைப்பேன். ஒன்றரை ஆண்டு இப்படி நடந்தது. காதல் என்ற சொல்லை நாங்கள் இருவரும் ஒரு முறைகூட வாயால் சொன்னதில்லை. நேருக்கு நேர் பேசியதை எண்ணினால் பத்து விரலுக்குள் அடங்கிவிடும்.

இடுகாடு செம்பனைக்குள் இருக்கிறது. அவனுடைய தங்கை, இப்போது பேரன் பேத்தி எடுத்தவர், முன்னால் நடந்து வழி காட்டினார். பல சமாதிகளில் பெயர்ப் பலகை மக்கிப் போய்விட்டது. அவனுடையது அடையாளம் தெரிந்ததற்குக் காரணம், தலைமாட்டில் சிமெண்டில் பதித்திருந்த ஒரு மங்கு. பால் பிடிக்கும் பழைய பீங்கான் மங்கு அது. விளக்கேற்றக் காற்றில் அணையாமல் இருக்க அவன் அம்மா பதித்து வைத்தது. விளிம்பில் ஓர் இடம் உடைந்திருந்தது. உள்ளே காய்ந்த இலையும், அடியில் பழைய ரப்பர்ப் பால் கறுத்து ஒட்டிய ஒரு வளையமும் இருந்தன. நாற்பது ஆண்டு மழை கழுவியும் அந்த வளையம் போகவில்லை. நான் விரலால் சுரண்டிப் பார்த்தேன், வரவில்லை.

பூவும் கற்பூரமும் எடுத்து வந்த நான் தண்ணீரை மறந்துவிட்டேன். மங்கைக் கழுவ வேண்டும், சமாதியின் மேல் தெளிக்க வேண்டும், பக்கத்தில் குழாயோ ஓடையோ இல்லை. தங்கை வீட்டுக்கு ஓடிப் போய் எடுத்து வருகிறேன் என்று கிளம்பினார். அதற்குள் கணவர் தம் புட்டியைத் திறந்துவிட்டார். நான் "வேணாங்க, இது உங்களுக்கு" என்று கையைப் பிடித்தேன். "இன்னைக்குக் கொஞ்சம் குறைச்சுக்கிறேன். வெயில்ல கிடக்கான்" என்றார். மங்கை நிறைத்து, மீதியில் ஒரு கை அள்ளி மண்ணில் தெளித்தார். புட்டியில் பாதிக்கும் கீழே போய்விட்டது. நாக்கு மரத்துப் போகும் தாகத்தில், ஒரு துண்டு ஐஸ் கட்டியை அரைமணி நேரம் வாயில் வைத்திருக்கிற மனிதர் அவர். அந்தத் தண்ணீர் என்ன விலை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

என் பாட்டிக்கு இப்படி நின்று அழ ஓர் இடம்கூட இல்லை. அவருடைய முதல் கணவரை 1943இல் சயாம்-பர்மா ரயில் பாதை போடும் வேலைக்கு ஜப்பானியர்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். 415 கிலோமீட்டர் நீளம் போட்ட அந்தப் பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் பல்லாயிரம் பேர் காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் மடிந்தார்கள். போனவர் திரும்பவில்லை, செய்தியும் வரவில்லை. பாட்டி பிறகு என் தாத்தாவை மணந்து ஆறு பிள்ளைகள் பெற்றார். ஆனாலும் இரவில் கதவுக்குத் தாழ் போடுவதற்கு முன் ஒரு முறை வெளியே எட்டிப் பார்ப்பார். தாத்தா அதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் படுத்திருப்பார். அந்த மௌனத்தின் பெருந்தன்மை இன்றுதான் எனக்கு முழுதாக விளங்கியது.

மூன்றாம் நாள், திங்கட்கிழமை

நிலையத்தில் எங்களை நன்றாகவே கவனித்துக்கொண்டார்கள். எடை பார்த்தபோது வெள்ளிக்கிழமையிலிருந்து ஒன்றரைக் கிலோதான் கூடியிருந்தது. "மூணு நாளைக்கு இது ரொம்ப நல்ல கணக்கு ஐயா" என்று தாதி பாராட்டினார். கணவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

நான்கு மணி நேரத்தில் ஓர் ஆளின் இரத்தத்தைச் சுத்தப்படுத்த, வடிகட்டியின் மறுபக்கம் நிமிடத்துக்கு அரை லிட்டர் வீதம் கிட்டத்தட்ட 120 லிட்டர் திரவம் ஓடுகிறது. நாள் முழுக்க அரை லிட்டரோடு வாழ்கிறவர், அத்தனை தண்ணீர் ஓடுகிற இயந்திரத்தின் பக்கத்தில் வாய் காய்ந்து படுத்திருக்கிறார். ஆறு ஆண்டு பார்த்தும் இது எனக்குப் பழகவில்லை.

மூன்றாவது மணி நேரத்தில் அவருக்குக் கால் இழுத்துக்கொண்டது. தண்ணீரை இறக்கும்போது பலருக்கும் வருகிற சதைப்பிடிப்புத்தான். வலது கையை நீட்டிக் கெண்டைக்காலை உள்ளங்கையால் அழுத்தினார். நான் எழுந்து போய்ப் பாதத்தை மேல் நோக்கி வளைத்துப் பிடித்துக்கொண்டேன். தாதி வந்து நீர் இறக்கும் அளவைக் குறைத்தார். சிறிது நேரத்தில் விட்டுவிட்டது. என் கைதான் நடுங்கிக்கொண்டே இருந்தது.

1983 டிசம்பர். விடாத மழை. முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்று அவர்கள் வடிகால் தோண்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை மாலை நான் கோயிலுக்குப் போகும் வழியில், அவன் தன் வீட்டுப் படியில் சாக்கைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கண் சிவந்திருந்தது. இதே போல, உள்ளங்கையால் கெண்டைக்காலை அழுத்திக்கொண்டிருந்தான். நிமிர்ந்து என்னைப் பார்த்தான். லயத்து வாசலில் நான்கைந்து பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு கடந்து போய்விட்டேன். என்ன செய்யுது என்று கேட்கவில்லை. நாளைக்குச் சரியாகிவிடும், ஞாயிற்றுக்கிழமை பேப்பர் வரும் என்று நினைத்துக்கொண்டேன்.

அது எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர் வழியாக, காலில் இருக்கும் சிறு வெட்டில் நுழையும் கிருமியால் வருவது. தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்கு வெட்டில்லாத கால் ஏது? காய்ச்சலோடு கெண்டைக்காலில் கடும் வலியும் கண் சிவப்பும் சேர்ந்து வந்தால் இந்த நோயைச் சந்தேகிக்க வேண்டும் என்பதும், தொடக்கத்திலேயே பெனிசிலின் போன்ற மருந்து கொடுத்தால் பெரும்பாலோரைக் காப்பாற்றலாம் என்பதும், முற்றிவிட்டால் மஞ்சள் படர்ந்து சிறுநீரகம் நின்றுவிடும் என்பதும் நான் பல ஆண்டுகள் கழித்துப் படித்துத் தெரிந்துகொண்டவை. அவனை முதலில் பார்த்தவர்கள் காய்ச்சல் மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். இரண்டாம் முறையும் அதுவே. உடம்பு மஞ்சளாகி, ஒரு நாள் முழுக்கச் சிறுநீர் வராமல் போன பிறகே பெரிய மருத்துவமனைக்கு எடுத்துப் போனார்கள். படியில் பார்த்த நாளிலிருந்து எட்டாம் நாள் திரும்பி வந்தது உடல்தான்.

எலிக்காய்ச்சலில் நின்ற சிறுநீரகம் பெரும்பாலும் நிரந்தரமாகச் செத்துவிடுவதில்லை. சில வாரம் இயந்திரம் தாங்கிக்கொண்டால் பலருக்கு அது மீண்டும் வேலை செய்யத் தொடங்கிவிடும். இதைத் தெரிந்துகொண்ட இரவில் நான் உறங்கவில்லை. இவருக்கு வாரம் மூன்று முறை கிடைக்கிற இந்த நாற்காலி, அவனுக்குச் சில வாரங்கள் கிடைத்திருந்தால் போதும்.

அவன் போனதால்தானே இப்படி ஒரு நல்ல மனிதர் கிடைத்தார் என்று என்னிடம் சொன்னவர்கள் உண்டு. அன்போடு சொன்னதுதான் என்றாலும் அதை நான் ஏற்கவில்லை. ஒருவருடைய சாவை இன்னொருவருடைய வாழ்வுக்கு விலையாக எழுதும் கணக்கை நான் ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவன் இருந்திருக்க வேண்டும். மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, எழுத்துக் கூட்டிப் பேரனுக்குப் பேப்பர் படித்துக் காட்டியிருக்க வேண்டும்.

ஊசியை எடுத்த பிறகு கணவரிடம் இதைச் சொன்னேன். பஞ்சை அழுத்திக்கொண்டே கேட்டார். "நீ அன்னைக்குக் கேட்டிருந்தாலும் அவன் ஒன்னுமில்லன்னுதான் சொல்லியிருப்பான்" என்றார். இருக்கலாம். அந்த 'ஒன்னுமில்ல'யையாவது நான் கேட்டிருப்பேனே.

நான்காம் நாள், செவ்வாய்க்கிழமை

தங்குமிடத்துக்காரம்மா தம் வீட்டு மரத்தில் பறித்த நட்சத்திரப் பழத்தை அறுத்துத் தட்டில் கொண்டுவந்தார். பசும்பொன் நிறத்தில் ஐந்து முனை நட்சத்திரங்கள். நான் தட்டை எடுத்து அறைக்கு வெளியே வைத்துவிட்டேன். பாவம், அவர் முகம் வாடிவிட்டது. சிறுநீரகம் போனவர்களுக்கு அந்தப் பழம் நஞ்சு. அதிலுள்ள பொருள் உடம்பை விட்டு வெளியேற முடியாமல் மூளையைத் தாக்கி, விடாத விக்கலில் தொடங்கி வலிப்பு வரை கொண்டுபோய்விடும் என்று விளக்கிச் சொன்னதும், அவரே கையைப் பிடித்துக்கொண்டார். டயாலிசிஸ் செய்பவர்கள் வீட்டில் இருந்தால் இதைத் தயவுசெய்து நினைவில் வையுங்கள்.

பகலில் கோலகங்சாருக்குப் போனோம். உபுடியா பள்ளிவாசலின் பொன்னிறக் குவிமாடத்தை வண்டியிலிருந்தபடியே பார்த்தோம். நடக்க அவருக்குத் தெம்பில்லை. அவர் பார்க்க விரும்பியது ரப்பர் மரத்தை. 1877இல் இங்கே நட்டவற்றில் எஞ்சி நிற்கும் ஒரே மரம் என்று வேலி போட்டுக் காக்கிறார்கள். பிரேசிலிலிருந்து எடுத்த விதை லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, கப்பலேறி வந்த வம்சம். எங்கள் முன்னோர் கடல் தாண்டி வந்து சீவியதும் அதே வம்சத்து மரங்களைத்தான். கணவர் வேலியைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் அண்ணாந்து பார்த்தார். "இது ஒன்னாவது நின்னுச்சே" என்றார்.

மற்றபடி இன்று எழுத ஒன்றுமில்லை. பிற்பகல் முழுக்க அவர் உறங்கினார். மூச்சு சீராக இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்தேன்.

ஐந்தாம் நாள், புதன்கிழமை

துறைமுகப் பக்கம் பிறந்து வளர்ந்த அவர், மரம் சீவுவதைப் பார்த்ததே இல்லை. சாலையோரத்தில் ஒரு மலாய்க்காரப் பெரியவருக்கு இரண்டு ஏக்கர் ரப்பர் இருந்தது. நேற்றே அனுமதி கேட்டு வைத்திருந்தோம். விடிவதற்கு முன் போய் நின்றோம். பெரியவர் நெற்றி விளக்கோடு வந்து, முந்தைய கோட்டில் உறைந்து கிடந்த ஒட்டுப்பாலை நூல் போல உரித்துப் பைக்குள் போட்டுவிட்டு, உளியை மேலிருந்து சாய்வாக இழுத்தார். காகிதம் கிழிவது போல ஒரு சத்தம். பட்டை சுருளாக விழுந்த இடத்தில் வெள்ளைப் புள்ளிகள் அரும்பி, ஒன்றோடொன்று சேர்ந்து, கோட்டில் வழிந்து, தகரத் துண்டின் நுனியில் ஒரு கணம் தயங்கிச் சொட்டின.

"எவ்வளவு நேரம் ஓடும்?" என்று கணவர் என்னிடம் கேட்டார்.

"ரெண்டு மூணு மணி நேரம். அப்புறம் தானா உறைஞ்சிடும்."

"நாளைக்கு?"

"ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் சீவுவாங்க. நடுவுல மரத்துக்கு ஓய்வு."

தம் இடது கையை மடியில் வைத்துக்கொண்டு அவர் இன்னும் சிறிது நேரம் அந்தச் சொட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் என் இரண்டு விரலை அந்தக் கையின் மேல் வைத்தேன்.

ஏழு மணிக்குப் புறப்பட்டோம். வழியில் ஒரு கடையில் தமிழ்ப் பத்திரிகை வாங்கினேன். பிற்பகல் ஒரு மணிக்குக் கிள்ளானில் அவருடைய வழக்கமான நாற்காலி, வழக்கமான தாதி, எடை 62.3. ஊசி ஏற்றி இயந்திரம் ஓடத் தொடங்கியதும் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பத்திரிகையைப் படித்துக் காட்டினேன். பெட்ரோல் விலை, தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டி, மரண அறிவித்தல்கள். கண்ணை மூடிக்கொண்டிருந்தவர் உறங்கிவிட்டார் என்று நினைத்து நிறுத்தினேன்.

"ஏன் நிறுத்திட்டே? படிம்மா" என்றார்.

அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.